சக்கரம் உருளத் தொடங்கியதும்: ஓடுபாதையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் விமானி கடைப்பிடிக்க வேண்டியவை

விமானியின் லாக் புத்தகத்தில் எழுதப்படும் பறப்பு நேரம், விமானம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் தொடங்குவதில்லை. மேலெழும் நோக்கத்துடன் விமானம் முதன்முதலாக நகரும்போது அது தொடங்குகிறது. பயணம் முடிந்து விமானம் முற்றிலும் நின்ற பிறகே முடிகிறது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேஓ தந்திருக்கும் இந்த வரையறையைப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் தேர்வுக்காகப் படித்துவிடுகிறார்கள். ஆனாலும் பலருடைய மனத்தில் பறப்பு என்பது ஓடுபாதையில் எஞ்சினுக்கு முழு விசை கொடுக்கும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்து நிமிடங்கள், காரைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தெருமுனைக்குக் கொண்டுவரும் வேலையைப் போலக் கழிந்துவிடுகின்றன.

விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த விபத்து அத்தகைய நிமிடங்களில்தான் உருவானது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருந்தபோது, அதே ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து கேஎல்எம் நிறுவனத்தின் மற்றொரு 747 அனுமதியின்றி மேலெழ ஓடிவந்து மோதியது. 583 பேர் இறந்தனர்.

தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெறுபவர்களையும், வணிக உரிமம் பெற்றுப் பெரிய விமான நிலையங்களுக்குள் முதன்முறையாக நுழைபவர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் நாட்டின் விதிகளும், உங்கள் நிறுவனத்தின் நடைமுறைக் கையேடும் இதில் உள்ள எதனோடாவது மாறுபட்டால் அவற்றையே பின்பற்ற வேண்டும்.

விமானங்கள் இறங்கவும் எழும்பவும் ஒதுக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட பரப்பில், இருக்கக் கூடாத நேரத்தில் ஒரு விமானமோ வாகனமோ மனிதரோ இருப்பதை ஓடுபாதை ஊடுருவல் என்கிறோம். இதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் விதி தெரியாதவர்கள் அல்லர். தாங்கள் எங்கே இருக்கிறோம், எதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது என்பவை தங்களுக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பியவர்கள். காதில் விழாத சொல்லையும், கண்ணில் படாத அடையாளத்தையும் எதிர்பார்ப்பு இட்டு நிரப்பிவிடுகிறது. கீழே சொல்லப்படும் பழக்கங்கள் ஒவ்வொன்றும் அந்த எதிர்பார்ப்பை எங்காவது ஓரிடத்தில் இடைமறித்து நிறுத்துவதற்காக ஏற்பட்டவை.

எஞ்சினை இயக்கும் முன்

விமான நிலைய வரைபடத்தின் நடப்புப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை நீங்கள் செல்லக்கூடிய வழியை விரலால் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஓடுபாதைகளைக் கடக்கிறோம், எந்தத் திருப்பத்தில் இரண்டு டாக்சிவேக்கள் (விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதைகள்) அருகருகே பிரிகின்றன, எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்னும் மூன்று கேள்விகளுக்கு அப்போதே விடை கிடைத்திருக்க வேண்டும். முன்பு தவறுகள் நடந்த இடங்களையும், நடக்க வாய்ப்புள்ள இடங்களையும் ஹாட் ஸ்பாட் என்று வரைபடத்திலேயே வட்டமிட்டு எண் கொடுத்திருப்பார்கள். அந்த வட்டம் உங்கள் வழியில் இருந்தால் அதைத் துணை விமானியிடமோ பயிற்றுநரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். சென்னை விமான நிலையத்தில் 07/25, 12/30 என்னும் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இப்படிப்பட்ட நிலையத்தில் நீங்கள் பயன்படுத்தாத ஓடுபாதையும் உங்கள் கணக்கில் இருந்தாக வேண்டும்.

அடுத்து நோட்டாம். ஓடுபாதை மூடப்பட்டிருப்பது, விளக்குகள் எரியாதது, டாக்சிவேயில் கட்டுமானப் பணி நடப்பது போன்றவற்றை விமானிகளுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு அது. தமிழில் நோட்டம் விடுவது என்றால் ஓரிடத்தைக் கூர்ந்து பார்த்து எடைபோடுவது. ஒலிப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆனால் இந்த அறிவிப்பை வாசிக்க வேண்டிய முறையை அந்தத் தமிழ்ச் சொல்லே நன்றாகச் சொல்லிவிடுகிறது. பக்கம் பக்கமாக நீளும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை உங்களைத் தொடாதவை என்பதால் கண் வேகமாக ஓடிவிடும். 2017 ஜூலை 7 நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்க வந்த ஏர் கனடாவின் ஏர்பஸ் ஏ320, ஓடுபாதை 28 வலதுக்குப் பதிலாக அதன் பக்கத்து டாக்சிவேயை நோக்கி இறங்கியது. இணையான 28 இடது ஓடுபாதை அன்றிரவு மூடப்பட்டு இருண்டிருந்தது. எனவே விமானிகள் 28 வலதை 28 இடதாகவும், டாக்சிவேயை 28 வலதாகவும் எடுத்துக்கொண்டார்கள். டாக்சிவேயில் நான்கு பயணிகள் விமானங்கள் வரிசையில் நின்றிருந்தன. கடைசி நேரத்தில் மேலே திரும்பிய விமானம் தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை தாழ்ந்திருந்தது. ஓடுபாதை மூடப்பட்ட செய்தி அவர்களுக்குத் தரப்பட்ட ஆவணங்களில் இருந்தது, நினைவில்தான் நிற்கவில்லை. ஆகவே ஓடுபாதை, டாக்சிவே, விளக்கு ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகளை மட்டும் தனியே எடுத்து வரைபடத்தின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூடப்பட்ட பகுதியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போதும்.

புஷ்பேக்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் விதிகள் எளியவை. எஞ்சினை இயக்குவதற்கும் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்குவதற்கும் முன்பே சிவப்புச் சுழல்விளக்கை எரியவிட வேண்டும்; தரைப்பணியாளர்களுக்கு அதுதான் எச்சரிக்கை மொழி. பார்க்கிங் பிரேக் போடப்பட்டிருக்கிறதா, எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஹெட்செட்டில் இருக்கும் பொறியாளரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லில் உறுதிப்படுத்துங்கள். இழுவை வண்டி விலகி, முன்சக்கரத்தில் செருகியிருந்த முள் எடுக்கப்பட்டு, அதைப் பொறியாளர் கையில் உயர்த்திக் காட்டி, அவர் விமானத்தை விட்டு விலகிப் பார்வையில் தெளிவாக நிற்கும் வரை சக்கரம் உருளக் கூடாது. 2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில் புறப்பாட்டுப் பணியில் இருந்த தரைப்பணியாளர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். எல்லோரும் விலகிவிட்டார்கள் என்று எண்ணுவதும், விலகியதைப் பார்ப்பதும் வெவ்வேறு. சிறு விமானத்தில் இதே விதி, சாளரத்தைத் திறந்து "கிளியர் ப்ராப்" (சுழலியை விட்டு விலகுங்கள்) என்று குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று சில நொடி காத்திருந்து, அதன் பிறகே சாவியைத் திருப்புவதாக அமைகிறது. குரல் கொடுத்த கையோடு சாவியைத் திருப்புபவர் யாரையும் எச்சரிக்கவில்லை.

வானொலியில் பேசும் சொற்கள்

டாக்சி அனுமதியை, அதாவது தரையில் ஊர்ந்து செல்வதற்கான அனுமதியைக் கேட்கும் முன்பே காகிதமும் பேனாவும் தயாராக இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது அனுமதியைப் பெற்று, எழுதிக்கொண்டு, திருப்பிச் சொல்லி, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிரேக்கை எடுங்கள். இரு விமானிகள் உள்ள விமானத்தில் இருவரும் அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் நிறுவன அலைவரிசையிலோ பயணிகளிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது வந்த அனுமதியை மற்றவர் வாய்மொழியாகக் கடத்துவது, ஒரே காதை மட்டும் நம்பி நகர்வதாகும்.

ஓடுபாதைக்குள் நுழைவது, அதைக் கடப்பது, அதில் பின்னோக்கி ஊர்வது, அதற்கு முன் நிற்பது, இறங்குவது, மேலெழுவது ஆகிய எல்லாவற்றுக்குமான கட்டளைகளையும் ஓடுபாதை எண்ணோடும் உங்கள் அழைப்புக்குறியோடும் (வானொலியில் உங்கள் விமானத்தைக் குறிக்கும் பெயர்) முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் பொருள்படும் "ரோஜர்" இவற்றுக்குப் பதிலாகாது. ஒத்த ஒலியுடைய அழைப்புக்குறி கொண்ட வேறொரு விமானம் அலைவரிசையில் இருந்தால், உங்களுடையதை ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொல்லுங்கள்.

டெனரிஃபில் நடந்ததைச் சொற்களின் விபத்து என்றே கூறலாம். கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்தது மேலெழுந்த பிறகு செல்ல வேண்டிய வழித்தடத்துக்கான அனுமதி மட்டுமே. ஆனால் அந்த அனுமதியின் வாசகத்திலேயே டேக் ஆஃப் (மேலெழுதல்) என்ற சொல் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருப்பதாகப் பொருள்படும் தெளிவற்ற ஒரு தொடரைச் சேர்த்தார். அவர்கள் ஓடுபாதையில் காத்திருக்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் புரிந்துகொண்டார். காத்திருக்கும்படி அவர் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகள் சொன்னதும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகி, கேஎல்எம் விமானியறையில் கீச்சொலியாகவே பெரிதும் கேட்டன. பான் ஆம் விலகவில்லையா என்று கேஎல்எம் விமானியறையில் இருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்ற பொருளில் தலைமை விமானி அழுத்தமாகப் பதிலளித்தார். டேக் ஆஃப் என்ற சொல்லை அதற்கான அனுமதியைத் தரும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்துவது, மற்ற இடங்களில் எல்லாம் டிபார்ச்சர் (புறப்பாடு) என்று சொல்வது என்னும் இன்றைய வழக்கம் இந்த விபத்துக்குப் பின் வலுப்பெற்றது. நீங்களும் புறப்படத் தயார் என்பதை "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் திருப்பிச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு; இதைப் பயிற்சி வகுப்புகளில் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை என்பது என் கருத்து. 2001 அக்டோபர் 8 அன்று மிலானின் லினாட்டே விமான நிலையத்தில், ஆர்5 டாக்சிவே வழியாகச் செல்லும்படி சொல்லப்பட்ட சிறிய செஸ்னா ஜெட்டின் விமானிகள் அதை ஆர்5 என்றே சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு மூடுபனியில் ஆர்6 வழியே திரும்பி, செயல்பாட்டில் இருந்த ஓடுபாதைக்குள் நுழைந்தார்கள். மேலெழ ஓடிவந்த ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் விமானம் மோதி 118 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடாவிலும் திருப்பிச் சொன்னது சரியாகவே இருந்தது. முந்தைய நாள் நோட்டோ நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, வரிசையில் முதலாவது என்று கூறி, சி5 காத்திருப்புப் புள்ளி வரை செல்ல அனுமதி கிடைத்தது. அதைத் திருப்பிச் சொன்ன விமானம் சி5-இல் நிற்காமல் ஓடுபாதைக்குள் சென்று நின்றது. சுமார் 40 நொடிகளுக்குப் பின் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 அதன் மேல் இறங்கியது. ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினர். காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். "நம்பர் ஒன்" என்ற சொல் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிப்பதே தவிர, அனுமதி அன்று.

திருப்பிச் சொல்வது காது கேட்டதை மட்டுமே உறுதிப்படுத்துகிறது. மனம் எடுத்துக்கொண்டதை அல்ல. எனவே அனுமதி கிடைத்த பின் விமானியறைக்குள் ஒருமுறை அதன் பொருளைத் தாய்மொழியிலோ பழகிய மொழியிலோ சொல்லிக்கொள்ளும் வழக்கம் நல்லது: "சி5 வரை போகிறோம், கோட்டுக்கு முன் நிற்கிறோம், ஓடுபாதைக்குள் போக இன்னும் அனுமதி இல்லை." தனியாகப் பறப்பவரும் இதை வாய்விட்டே சொல்லிக்கொள்ளலாம், கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லை.

நிபந்தனையுடன் கூடிய அனுமதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு விமானத்துக்குப் பின்னால் ஓடுபாதையில் நுழைந்து நில்லுங்கள் என்று சொல்லப்பட்டால், எந்த விமானம் என்பதை நீங்கள் கண்ணால் கண்டு உறுதிசெய்திருக்க வேண்டும். நிபந்தனையையும் சேர்த்தே திருப்பிச் சொல்ல வேண்டும். இறங்கு வரிசையில் இரண்டு விமானங்கள் தெரிகின்றன, எது என்று விளங்கவில்லை என்றால் கேளுங்கள். இரவில் தொலைவில் தெரியும் இறங்கு விளக்கை வைத்து விமானத்தின் வகையைச் சொல்ல அனுபவசாலிகளாலும் பெரும்பாலும் முடியாது.

நகரும்போது

ஓடுபாதையை நோக்கி ஊரும் நேரத்தில், அந்த வேலைக்குத் தொடர்பில்லாத எதையும் பேசக் கூடாது என்பது ஸ்டெரைல் காக்பிட் என்னும் விதி. அமெரிக்காவில் அது 1981-இல் சட்டமானது. கடுமையாகத் தோன்றும் இந்த விதியின் பயனைப் புரிந்துகொள்ள 2006 ஆகஸ்ட் 27 விடியலுக்கு முன் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் நடந்ததைப் பார்க்கலாம். 7,003 அடி நீளமுள்ள ஓடுபாதை 22-இல் புறப்பட வேண்டிய கொமேர் விமானம், அதன் பாதி நீளமே கொண்ட 26-இல் திரும்பி ஓடி, பாதை முடிந்த பிறகும் எழும்ப முடியாமல் நொறுங்கியது. 50 பேரில் துணை விமானி மட்டுமே பிழைத்தார். டாக்சியின்போது விமானிகள் வேலைக்குத் தொடர்பற்ற பேச்சில் இருந்ததை விசாரணை குறிப்பிட்டது. ஓடுபாதையில் விளக்குகள் இல்லாதது விசித்திரமாக இருக்கிறதே என்று ஓடும்போது ஒரு குரலும் எழுந்தது. அதற்கு மேல் யாரும் அதைத் துருவவில்லை.

விமானத்தை ஓட்டுபவரின் கண் வெளியே இருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பது மற்றவரின் வேலை. தனியாக இருந்தால் வரைபடம் பார்க்க விமானத்தை நிறுத்துங்கள். சரிபார்ப்புப் பட்டியலைத் திருப்பங்களிலும் ஓடுபாதையை நெருங்கும்போதும் கையில் எடுக்க வேண்டாம். நேர்ப்பாதையில் 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), கூர்மையான திருப்பத்தில் 10 நாட் என்பது பல நிறுவனங்களில் வழக்கமான உச்சவரம்பு. பயிற்சி விமானத்துக்கு வேகமாக நடக்கும் மனிதரின் நடையே போதுமானது. அதில் பின்பக்கவாட்டிலிருந்து காற்று வீசினால், காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டிக் என்னும் கட்டுப்பாட்டுத் தண்டைச் சாய்த்து முன்னே தள்ளி வைத்திருங்கள். ஊரும் பெரிய ஜெட்டுக்குப் பின்னே நெருங்கிச் செல்லவே வேண்டாம். அதன் எஞ்சினின் பின்வீச்சு சிறு விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

பெரிய விமானங்களில் விமானிக்கு இறக்கை முனை தெரியாது. 2011 ஏப்ரலில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸின் ஏ380, ஒதுங்கி நின்ற ஒரு சிறிய ஜெட்டின் வாலைத் தன் இறக்கை முனையால் தட்டி அதையே திருப்பிவிட்டது. டாக்சிவேயின் மையக்கோட்டில் சென்றால் இறக்கை இடிக்காது என்னும் உறுதி, பக்கத்தில் நிற்கும் விமானம் தன் இடத்துக்குள் முழுமையாக நிற்கும் வரைதான். ஐயம் எழுந்தால் நின்று, இறக்கையைப் பார்த்துச் சொல்ல ஆள் கேளுங்கள்.

அடையாளப் பலகைகளை நிறத்தால் நினைவில் கொள்ளலாம். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்கும் இடத்தைச் சொல்கிறது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து போகும் திசையைச் சொல்கிறது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நில் என்கிறது. இரவில் டாக்சிவேயின் ஓரம் நீலம், மையம் பச்சை. ஓடுபாதையின் ஓரம் வெள்ளை. கடைசி 600 மீட்டரில் அது பொதுவாக மஞ்சளாக மாறும். மையவிளக்குகள் உள்ள ஓடுபாதையில் 900 மீட்டர் மீதமிருக்கும்போது வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறியும், கடைசி 300 மீட்டரில் முழுச் சிவப்பாகவும் எரியும்.

நிற்கும் கோடு

ஓடுபாதைக்கு முன் டாக்சிவேயின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும்: இரண்டு முழுக்கோடுகள், இரண்டு விட்டுவிட்டு வரும் கோடுகள். முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அது சுவர். தெளிவான அனுமதியின்றி விமானத்தின் மூக்குகூட அதைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதையிலிருந்து வெளியேறுகிறீர்கள். தாராளமாகக் கடந்து, வால் உட்பட முழு விமானமும் மறுபுறம் வரும் வரை செல்லுங்கள். சில இடங்களில் இந்தக் கோட்டின் இருபுறமும் மாறி மாறி மினுக்கும் மஞ்சள் விளக்குகள் இருக்கும்.

கோட்டின் குறுக்கே தரையில் சிவப்பு விளக்குகளின் வரிசை எரிந்தால் அது ஸ்டாப் பார். எரியும் ஸ்டாப் பாரை ஒருபோதும் கடக்கக் கூடாது. நுழையலாம் என்று கட்டுப்பாட்டாளர் குரலில் சொல்லிவிட்டு விளக்கு அணையவில்லை என்றாலும் நில்லுங்கள். விளக்கு எரிகிறது என்று சொல்லி, அணைக்கும்படி கேளுங்கள். குரலும் விளக்கும் முரண்படும்போது இரண்டில் ஒன்று தவறு, எது என்று உங்களுக்குத் தெரியாது. அதே வேளையில் விளக்கு எரியவில்லை என்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஹனேடாவின் சி5-இல் விபத்து நடந்த அன்று ஸ்டாப் பார் இயக்கத்தில் இல்லை.

அனுமதி கிடைத்த பிறகும் கோட்டைத் தாண்டும் முன் இறங்கு வழியை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஓடுபாதையின் இரு முனைகளையும் பார்த்து, "இடம் தெளிவு, வலம் தெளிவு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். நுழையும்போதும் கடக்கும்போதும் ஸ்ட்ரோப் என்னும் பளிச்சிடும் விளக்கு உட்பட வெளி விளக்குகளை எரியவிடுவது உங்களை மற்றவர் கண்ணில் படவைக்கும். இறங்கு விளக்கை மட்டும் டேக் ஆஃப் அனுமதி கிடைத்ததும் போடுவது பரவலான வழக்கம். அந்த விளக்கு எரிந்தால் நீங்கள் நகரப்போகிறீர்கள் என்று மற்ற விமானிகள் அறிவார்கள். தரை ரேடார் உள்ள நிலையங்களில், விமானத்தின் அடையாளத்தைத் தெரிவிக்கும் கருவியான டிரான்ஸ்பாண்டர் டாக்சி தொடங்கியதிலிருந்தே இயங்க வேண்டும்.

ஓடுபாதைக்குள்

விமானத்தை ஓடுபாதையின் மையத்தில் நேராக்கியதும் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: தரையில் வெள்ளையில் எழுதிய எண், உங்கள் திசைகாட்டி, நீங்கள் பெற்ற அனுமதி. ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்த முழுஎண் என்பதால் சோதனை எளிது. சென்னையின் 07-இல் நின்றால் திசைகாட்டி ஏறத்தாழ 70 காட்ட வேண்டும்; 120-ஐ ஒட்டிக் காட்டினால் நீங்கள் வேறு பாதையில் நிற்கிறீர்கள். லெக்சிங்டனில் இரண்டு பாதைகளுக்கும் இடையே 40 பாகை வேறுபாடு இருந்தது. திசைகாட்டியை ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இணையான ஓடுபாதைகளில் மட்டும் திசைகாட்டி உதவாது. 2000 அக்டோபர் 31 இரவு, சூறாவளி மழைக்கு நடுவே தைபேயில் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747, 05 இடதுக்குப் பதிலாக 05 வலதில் திரும்பி ஓடியது. கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த அந்தப் பாதையில் நின்ற இயந்திரங்களில் மோதி, விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் இறந்தனர். சரியான ஓடுபாதையின் மையத்தைக் காட்ட வேண்டிய கருவி காட்டாமல் இருந்ததை விமானிகள் கவனித்தார்கள். ஓடுபாதைதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். ஒரு கருவியோ விளக்கோ அடையாளமோ நீங்கள் நினைப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால், அதற்கு விளக்கம் கிடைக்கும் வரை விசையைக் கூட்டாதீர்கள். இணை ஓடுபாதைகளில், இறங்குவதற்கு வானொலி வழியே வழிகாட்டும் ஐஎல்எஸ் அமைப்பின் அலைவரிசையை வைத்து ஊசி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

"லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் நுழைந்து நிற்பது மட்டுமே. அப்படி நிற்கும் நேரம், பின்னால் இறங்கி வரும் விமானத்தை நீங்கள் பார்க்க முடியாத நேரம். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஓடுபாதையில் நிறுத்தப்பட்டிருந்த ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் மறந்து, அதே பாதையில் ஒரு போயிங் 737 இறங்க அனுமதித்தார். சிறு விமானத்தில் இருந்த 12 பேரும், 737-இல் பலரும் இறந்தனர். நின்று 90 நொடி ஆகியும் எதுவும் சொல்லப்படவில்லை என்றால், நீங்கள் நிற்கும் ஓடுபாதையையும் நிற்கும் இடத்தையும் சொல்லிக் கோபுரத்துக்கு நினைவூட்டுங்கள். நிற்கும்போது உங்கள் அலைவரிசையில் மற்றவர்களுக்குச் சொல்லப்படுவதையும் கேளுங்கள். உங்கள் ஓடுபாதையில் யாருக்காவது இறங்க அனுமதி தரப்பட்டால் அதை முதலில் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மேலெழும் அனுமதியைக் கேட்டோமா, கேட்டதாக எண்ணுகிறோமா என்று இருவரில் ஒருவருக்கு ஐயம் வந்தாலும் போதும். மீண்டும் கேட்க வேண்டும். பயிற்சி விமானிகள் இதில் தயங்குவார்கள். பரபரப்பான அலைவரிசையில், மூத்தவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, "ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்" என்று சொல்லக் கூச்சம் வருவது இயல்பு. டெனரிஃபின் பொறியாளர் கேட்டார். ஆனால் அவருடைய கேள்வி வானொலியில் கட்டுப்பாட்டாளரிடம் போகாமல், விடை தனக்குத் தெரியும் என்று நம்பிய தலைமை விமானியிடம் போனது. கேள்வியை உண்மையான விடை இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

இறங்கிய பிறகு

ஓடுபாதையிலிருந்து வெளியேறும் வரை இறங்கிய பின்னான சரிபார்ப்புகளைத் தொட வேண்டாம். சொல்லப்பட்ட வெளிவழியைத் தவறவிட்டால் கூர்மையாகத் திரும்ப முயலாமல் அடுத்த வழிக்குச் செல்லுங்கள், செல்வதாகச் சொல்லுங்கள். மற்றோர் ஓடுபாதையைக் குறுக்குவழியாக எண்ணி அனுமதியின்றி அதில் திரும்பக் கூடாது. இணை ஓடுபாதைகளில் வெளிப்பக்கத்தில் இறங்கியவருக்கு உட்பக்க ஓடுபாதை உடனே குறுக்கே வரும். இறங்கிய நிம்மதியில் மனம் தளரும் நொடியும் அதுவே. கோட்டைத் தாண்டி முழுமையாக நின்ற பிறகு அலைவரிசையை மாற்றலாம்.

எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால், டாக்சிவேயில் இருப்பது உறுதி என்னும் நிலையில் அப்படியே நின்று, பிரேக்கைப் போட்டு, இருப்பிடம் உறுதியில்லை என்று தரைக்கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுங்கள். படிப்படியாக வழி சொல்லும்படி கேட்டாலோ, முன்னே செல்லும் "ஃபாலோ மீ" வண்டியைக் கேட்டாலோ கிடைக்கும். ஆனால் ஓடுபாதையில் இருக்கலாம் என்ற ஐயம் துளியளவு வந்தாலும் நிலைமை தலைகீழ்: நிற்கவே கூடாது. அருகில் எந்த வழி தெரிகிறதோ அதில் உடனே வெளியேறிக்கொண்டே, ஓடுபாதையில் இருக்கக்கூடும் என்பதைக் கோபுரத்துக்குச் சொல்லுங்கள். தவறை ஒப்புக்கொள்ளும் சொற்களைத் தேடிக்கொண்டு அங்கேயே நிற்பது இரண்டாவது தவறு.

நிறுத்துமிடத்துக்குள், சைகையால் வழிகாட்டும் தரைப்பணியாளரான மார்ஷலரின் கையோ வழிகாட்டும் கருவியோ தெளிவாகத் தெரியும் வரை திரும்ப வேண்டாம். மார்ஷலர் பார்வையிலிருந்து மறைந்தால் அந்த நொடியே நில்லுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு எஞ்சின்களை நிறுத்திய பிறகும் அவற்றின் விசிறி சிறிது நேரம் சுழலும். அது அடங்கும் வரை சிவப்புச் சுழல்விளக்கு எரியட்டும். சாமான் வண்டிகளோடு ஓரத்தில் காத்திருப்பவர்கள் அந்த விளக்கு அணைவதைப் பார்த்துத்தான் விமானத்தை நெருங்குவார்கள்.